உள்ளூராட்சியும் ஏட்டுக் காவலும்: மல்லாவியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மாங்குளத்தில் ஏ-9 நெடுஞ்சாலையை விட்டு விலகி, மேற்கே வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த ஊர் மல்லாவி. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிரிவைச் சேர்ந்த இவ்வூர், பாலியாற்றை மறித்தெழுந்த வவுனிக்குளத்தின் அயலிலே, அக்குளத்து நீரை நம்பி வாழ்வது. தூர்ந்து கிடந்த அப்பழங்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டு, அதன் கீழ்க் குடியேற்றத் திட்டமொன்று உருப்பெற்றது. வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் கழனி செய்தன. அவர்களுக்கு அரசு அளித்தவை இரண்டு: ஒன்று நிலம், மற்றையது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரம் என்னுங் கடதாசி. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடதாசியோ அவர்களோடு கூடவே நடந்தது.

அந்நடையின் வரலாறு ஈண்டு விரித்துரைக்கப்பட வேண்டியதன்று. 1996இற் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் மல்லாவியிலும் அதன் சூழலிலும் தங்கினர். சில ஆண்டுகள் வன்னியின் நடுநாயகமான ஊர்களுள் ஒன்றாக மல்லாவி விளங்கிற்று. 2008இல் மல்லாவியே இடம்பெயர்ந்தது. 2009இன் பின் மக்கள் மீண்டபோது, வீடில்லை என்ற குறைக்கு அடுத்தபடியாக அவர்களை வாட்டியது கடதாசியில்லை என்ற குறையேயாம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, தேசிய அடையாள அட்டை, காணி உத்தரவுப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைப் பெறுவதற்கு நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டன. வரிசைகளிலே நின்ற முதியோர், தாம் பிறந்ததையும் மணந்ததையும் பயிரிட்டதையும் சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அவ்வரிசைகளில் நிற்காத முதியவர் ஒருவர் மல்லாவிப் பகுதியில் உளர். அவரிடம் எல்லாக் கடதாசியும் இருந்தன. மூலப்பத்திரங்களை அவர் ஒரு சொப்பின் பையிலிட்டு, அதனை இன்னொரு சொப்பின் பையிற் செருகி, இடுப்போடு கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தார். புறப்படுமுன்னரே அவற்றின் நிழற்படப் பிரதிகளை வவுனியாவில் இருந்த மகளுக்கும் யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவருக்கும் கொடுத்து வைத்திருந்தார். பின்னாளில் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையிட்டு ஒட்டுவித்தார். சூட்டிலே முத்திரை மை கலங்கிப்போன ஒரு பத்திரத்தைக் காட்டி இன்றும் நொந்துகொள்வதுண்டு.

உள்ளூராட்சி அலுவலகமொன்றில், தம் சிறு கடைக்குரிய வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணத்தைச் செலுத்த அவர் சென்றிருந்தார். அங்கே பேரேட்டில் எழுதும் வழக்கம் அருகி, கணினியிற் பதிந்து பற்றுச்சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும் முறை வந்திருந்தது. முதியவர் யன்னலருகே நின்று அலுவலரான இளம்பெண்ணை வினவினார்:

"பிள்ளை, உந்தப் பெட்டி நிண்டு போனா நான் காசு கட்டினது ஆருக்குத் தெரியும்?"

"எல்லாம் உள்ளுக்க பதிஞ்சிருக்கு ஐயா. பயப்படாதேங்கோ."

"உள்ளுக்க எண்டா ஒரு இடத்தில தானே? வேற இடத்திலயும் கிடக்கோ?"

அப்பெண் புன்னகை செய்தாளன்றி விடை கூறவில்லை. அவள்மீது குற்றமில்லை. அவ்வினாவை நாட்டின் எந்த உள்ளூராட்சி அலுவலகத்து யன்னலிற் கேட்டிருப்பினும், தயக்கமின்றி விடையிறுக்கக் கூடியோர் மிகச் சிலரே.

முதியவரின் கேள்வி பாமரத்தனமானதன்று. கணினித்துறையினர் 'மூன்று, இரண்டு, ஒன்று' என ஒரு விதியை ஓதுவர். தரவின் பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுளொன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அது. இடுப்பிலொன்று, வவுனியாவிலொன்று, யாழ்ப்பாணத்திலொன்று என வைத்திருந்தவருக்கு இவ்விதியை எவரும் கற்பித்ததில்லை. இடம்பெயர்வு கற்பித்தது. இணையவெளிக் காப்பு என்றதும், தலைநகரத்து வங்கிகளுக்கும் படைத்துறைக்குமே உரிய பொருளென்று பலர் எண்ணுகின்றனர். ஏடு தொலைந்தால் ஆள் தொலைவான் என்பதைப் பட்டறிந்த வன்னியிலேயே அதன் பொருள் மிகத் தெளிவாக விளங்கும்.

தலைநகரத்திலே அது விளங்காமற் போனமைக்குச் சான்று ஒன்றுண்டு. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதியளவில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிநின்ற இலங்கை அரச முகிற் கணிமைத் தொகுதி, கப்பங் கோரும் நச்சுநிரலொன்றின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. இத்தகைய நிரல் தரவுகளைத் திருடிச் செல்வதோடு அமைவதன்று. அவற்றை இருந்த இடத்திலேயே மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை பேசும். ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். தொகுதி மீட்கப்பட்டதாயினும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காரணம் யாதெனின், அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி வலையமைப்போடு தொடர்பற்ற இடத்தில் வைக்கப்பட்டிருக்கவில்லை. தொடர்பிலிருந்த பிரதியும் மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. சொப்பின் பையையும் அதன் நகலையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டு வீட்டை எரியவிட்டதற்கு ஒப்பானது அது.

இதனினும் கருத்தூன்றி நோக்கற்பாலது, அத்தொகுதி ஏன் வலுவிழந்து கிடந்தது என்பதாகும். அதில் இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்புக்கு அதனை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2023 ஏப்ரலில் முடிவுற்றது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்ததென்றும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களும் அதனைத் தாமதப்படுத்தின என்றும், பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையமே தெரிவித்தது. எனவே, தாக்கியவரின் திறமையைக் காட்டிலும், எழுதப்படாத ஒரு செலவுக் குறிப்பே கதவைத் திறந்துவிட்டது எனலாம். அமைச்சரவைக்கே கிட்டாத பணம் ஒரு பிரதேச சபைக்கு எவ்வாறு கிட்டும் என்பதே இங்கு எழும் வினா.

பிரதேச சபையின் பணப்பெட்டி எத்தகையது என்பதை அறியாது இவ்வினாவுக்கு விடை காணவியலாது. இலங்கையின் கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்து, அவற்றின் பணி மாவட்ட அபிவிருத்தி சபைகளிடஞ் சென்றது. அவையும் நிலைக்காது போக, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் அத்தகைய சபைகள் நான்கு. மல்லாவி துணுக்காய்ப் பிரதேச சபையின் ஆள்புலத்தைச் சேர்ந்தது. சபையின் சொந்த வருமானம் சோலைவரி, ஏக்கர் வரி, அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை முதலியன. மாகாண சபையினூடாக வந்துசேர்வன முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும்.

இவற்றை வன்னியின் நிலத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். சோலைவரி, கட்டடங்கள் செறிந்ததென வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளிலேயே அறவிடத்தக்கது. வயலும் காடும் விரிந்த பிரிவில் அத்தகைய பகுதி சந்தியைச் சூழ்ந்த சிறு துண்டேயாகும். முத்திரை வரி காணி கைமாறும்போது கிடைப்பது. குடியேற்றத் திட்டக் காணியோ உத்தரவுப்பத்திரக் காணி, நினைத்தவாறு விற்கத்தக்கதன்று. உழவன் கையிலிருந்து நிலம் நழுவாது காத்தது அச்சட்டம். அதன் நன்மையை மறுப்பாரிலர். எனினும், கொழும்பை அடுத்த சபைகளுக்குக் கோடிக்கணக்கில் முத்திரை வரியை ஈட்டித்தரும் காணிச் சந்தை இங்கு இல்லாமைக்கும் அதுவே ஒரு காரணம். முதியவரின் பையிலுள்ள அதே கடதாசி சபையின் வருவாயையும் சுருக்கிவிட்டது. இவ்வுண்மையைக் கருத்திற்கொள்ளாது, 'சொந்த வருமானத்திற் காப்புச் செய்துகொள்க' என்று பணிப்பது நேர்மையாகாது.

ஆகவே வெளியிலிருந்து வரும் பணமே கதியாகின்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழிவந்த நிதி ஆணைக்குழுவின் விதப்புரைப்படி மாகாணத்துக்கு வரும் நன்கொடைகள் ஒருபுறம். வெளிநாட்டு உதவித் திட்டங்கள் மறுபுறம். 2010இல் உலக வங்கியின் ஆதரவோடு தொடங்கிய நெல்சிப் எனப்படும் வடக்கு கிழக்கு உள்ளூர்ச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் பெயரை வடபுலத்துச் சபைகளில் அறியாதாரில்லை. 2019இல் வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா ஆகிய மாகாணங்களை நோக்கி உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம் வந்தது. வீதி, சந்தைக் கட்டடம், நூலகம், பொதுப் பூங்கா என இத்தகைய திட்டங்கள் தந்தவை கண்ணுக்குத் தெரிவன; நன்மை பயந்தன.

இடர்ப்பாடு யாதெனின், இப்பணத்தின் இயல்பு மூலதனம். கட்டடத்துக்குப் பணமுண்டு, கட்டடத்துக் காவலாளிக்குப் பணமில்லை. கணினி வாங்கப் பணமுண்டு. அதன் மென்பொருளுரிமத்தை மூன்றாம் ஆண்டிற் புதுப்பிக்கப் பணமில்லை. மீண்டெழும் செலவு என்ற தலைப்பின்கீழ்ச் சம்பளமும் மின்கட்டணமும் எரிபொருளும் முந்திக்கொள்ள, எஞ்சுவது சிறிது. திட்டம் முடிந்து அதிகாரிகள் விடைபெற்றபின், உரிமங் காலாவதியான கணினி முன்போலவே ஒளிரும், பற்றுச்சீட்டும் அச்சாகும். ஒன்றுங் குறைந்ததாகத் தோன்றாது. ஓட்டை விழுந்த கூரையை மழை காட்டிக்கொடுக்கும். ஓட்டை விழுந்த மென்பொருளைக் காட்டிக்கொடுப்பவன் கப்பங் கேட்பவன் ஒருவனே. திறப்பு விழாக் கல்லிற் பெயர் பொறிக்க இடந்தராத செலவுக்கு ஆர்வலர் குறைவு என்பதும் சொல்லாமலே விளங்கும்.

வன்னி உழவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க யானைவேலி போதும். மின்வேலி அமைக்கும் நாளில் ஊரே கூடும். பின்னர்க் கம்பியில் படருங் கொடியை வெட்டவும், பழுதான மின்கலத்தை மாற்றவும் ஆளும் பணமுமில்லாவிடின், வேலி நிற்கும், யானையும் வரும். யானையோ வேலியின் நிலையை மனிதரினும் விரைவில் அறிந்துகொள்ளும் விலங்கு.

இடரை மிகுவித்த ஆண்டு 2022. அவ்வாண்டு மார்ச்சில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று, மே மாதமளவில் 360 ரூபாயை அண்மித்தது. உரிமக் கட்டணமும் உதிரிப்பாகமும் டொலரில் விலை குறிக்கப்படுவன. வரியோ ரூபாயில் வருவது. அதே காலத்து நீண்ட மின்வெட்டுகள் கணினிகளையும் மின்கலங்களையும் பழுதாக்கின. அடுத்த ஆண்டிலோ கேட்பதற்கே ஆளில்லாமற் போயிற்று. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காமையால் நடைபெறவில்லை. இது அடிப்படை உரிமை மீறலென உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து, யூனில் புதிய சபைகள் கூடும்வரை செயலாளர்களே நிர்வாகத்தை நடத்தினர். அரச முகில் தாக்கப்பட்ட வேளையில், 'எம் சபையின் ஏடுகள் எவ்வாறுள்ளன?' என்று கேட்டெழக்கூடிய உறுப்பினர் எவரும் வன்னியின் எந்தப் பிரதேச சபையிலும் இருக்கவில்லை.

இனி, எதிர்வாதத்தையும் கேட்டல் தகும். வட்டார உறுப்பினர் ஒருவர் எழுந்து, 'என் வட்டாரத்தில் மாரியிற் பிள்ளைகள் முழங்கால் நீரில் பள்ளிக்குச் செல்கின்றனர், குடிநீர்க் கிணறு வற்றுகின்றது, தெருவிளக்கில்லை, கணினிக்கு என்ன அவசரம்?' என வினவுவாராயின், அவர் கூற்றைப் புறந்தள்ளவியலாது. அவர் மக்களுக்குப் பொறுப்புடையவர். ஆயின் அவ்வீதிக்கு எத்தனை முறை பணம் ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தகாரர் யார், கிறவல் எவ்வளவு பறிக்கப்பட்டது என்பனவும் அதே ஏட்டிலேயே உள்ளன. அவ்வேடு அழிந்தால் அவருடைய கேள்விக்கும் ஆதாரமில்லை. மேலும், இங்கு வேண்டப்படுவது பெருந்தொகையன்று. வாரந்தோறும் பிரதியெடுத்துத் தொடர்பறுத்து வைக்கத்தக்க இரண்டு வெளிவன்தட்டுகள், அவற்றுக்குப் பூட்டுள்ள அலுமாரி, வேறொரு கட்டடத்தில் ஓரிடம், முறையான உரிமம், கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதித் திரையில் ஒட்டாத பழக்கம். இறுதியது இலவசம். வன்தட்டுகளின் விலை உள்வீதியொன்றுக்குச் செல்லும் செலவின் அருகே வைத்தெண்ணத்தக்கதன்று. அரிதானது ஆள். பிரதியெடுக்கும் பொறுப்பு இன்னாருடையது என எழுத்தில் வரையப்படாதவரை அது எவருடையதுமன்று. ஆளணியில் அத்தகைய பதவியை உண்டாக்குவதற்கோ சபைக்குத் தனியதிகாரமில்லை.

காவாது விட்டதன் விலைக்கு அமெரிக்காவின் அற்லாண்டா மாநகரம் சான்று. 2018 மார்ச்சில் அந்நகராட்சியின் கணினிகளைப் பூட்டியோர் கேட்ட கப்பம் ஏறத்தாழ 51,000 டொலர். நகராட்சி அதனைச் செலுத்தவில்லை. சீர்செய்யும் செலவோ 170 இலட்சம் டொலர்வரை எட்டக்கூடுமென மதிப்பிடப்பட்டது. செல்வ நகரம் தாங்கிற்று. சிறு சபை தாங்குமா? இத்தகைய அடிகள் பலவற்றின் பின், 2021இல் அந்நாட்டு உட்கட்டமைப்புச் சட்டம், மாநில, உள்ளூராட்சி அமைப்புகளின் இணையவெளிக் காப்புக்கென நான்காண்டுகளுக்கு 100 கோடி டொலரை ஒதுக்கிற்று. தொகையைக் காட்டிலும் அதன் பங்கீடே கவனத்திற்குரியது: 80 வீதம் உள்ளூராட்சிகளைச் சென்றடைதல் வேண்டும், 25 வீதம் நாட்டுப்புறங்களுக்கு உரியது. நாட்டுப்புறத்தின் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட்டமையால், அதனைத் தலைநகரங்கள் விழுங்கிவிட இடமிருக்கவில்லை.

அமெரிக்கச் செல்வம் எட்டாதது என்பார்க்குக் கேரளம் அண்மையிலுள்ளது. அங்கே 1996இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் ஊராட்சிகளுக்குப் பணத்தையும் பணியையும் வழங்கியது. மூன்றாண்டுகளின் பின், 1999இல், 'இன்ஃபர்மேசன் கேரள மிசன்' என்னும் அமைப்பு எல்லா உள்ளூராட்சிகளையும் கணினிமயப்படுத்தும் பொறுப்பை ஏற்றது. ஏறத்தாழ 1,200 உள்ளூராட்சிகளும் தனித்தனியே மென்பொருள் தேடி அலையவில்லை. பொது அமைப்பொன்றே ஆக்கிப் பேணிற்று. 2024 சனவரியில் நகரங்களில் தொடங்கிய 'கே-ஸ்மார்ட்' என்னும் முறை அவ்வழியில் வந்ததே. அதிலுங் குறைகள் கூறப்படுவதுண்டு. ஆயினும் காட்டோரத்து ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் ஒரே காவல் என்ற கொள்கை போற்றத்தக்கது.

வட மாகாணத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 34. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கேள்வி கோரி, தனித்தனியே விலை கொடுத்து, தனித்தனியே கைவிடப்படுவதற்கு மாறாக, மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் வழியாக ஒரே கோரிக்கையை முன்வைத்தல் இயலாததன்று. மாவட்டத்துக்கு ஓரிரு வல்லுநர்; மாகாணத்துக்கு ஒரு பொது உரிம ஒப்பந்தம்; ஒரு சபையின் பிரதியை இன்னொரு மாவட்டத்துச் சபையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. மல்லாவியின் ஏடு வவுனியாவிலும், வவுனியாவின் ஏடு மல்லாவியிலும் இருக்கட்டும். முதியவர் தம் மகளிடஞ் செய்த ஏற்பாடு இதுவே. கோரிக்கையை வலுப்படுத்தச் சட்டமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குடிமக்களின் தரவை வைத்திருக்கும் அரச அமைப்புகளையும் கட்டுப்படுத்துவது. அதன் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அந்த அவகாசத்தை உறங்குதற்கன்றி, 'சட்டம் எம்மீது கடமையைச் சுமத்துகின்றது. கடமைக்குரிய பணம் எங்கே?' என்று திறைசேரியை வினவுதற்குப் பயன்படுத்தலாம். 2006 முதல் இயங்கும் இலங்கைக் கணினி அவசர தயார்நிலைக் குழுவாகிய 'சேர்ட்', தாக்குதலுக்குப் பின் அழைக்கப்படும் வைத்தியராக மட்டும் இருத்தல் வேண்டியதில்லை; முன்கூட்டிய சோதனைக்கும் அதனை அழைக்கலாம்.

வெளிநாட்டு உதவித் திட்டங்களோடு உடன்படும்போதும் ஒரு நிபந்தனையை இடுதல் தகும். கணினி தருவோர் அதன் ஐந்தாண்டுப் பேணலுக்குரிய பணத்தையுஞ் சேர்த்தே தருதல் வேண்டும். அன்றேற் கணினியின் எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும். பத்துக் கணினியிற் காவலின்றிப் பதிவதினும் ஆறு கணினியிற் காவலோடு பதிவது நன்று. தானமாய் வருவதில் எண்ணிக்கையைக் குறைக்குமாறு கேட்கும் துணிவு எளிதில் வராது என்பது உண்மையே.

2025 பெப்ரவரியில் 'கவ்பே' என்னும் அரச இணையவழிக் கொடுப்பனவு முறை தொடக்கிவைக்கப்பட்டது. நாட்டின் போக்கு அத்திசையிலேயே உள்ளது. வரியும் கட்டணமும் மெல்ல மெல்லக் கைத்தொலைபேசிக்கு மாறும். அந்நாளில் யன்னலும் பற்றுச்சீட்டும் குறையும். முதியவர் பையிலிடுவதற்கு எதுவுங் கிட்டாது. அதுவரை அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்கின்றார். அன்று அச்சிட்டுக் கொடுத்த பற்றுச்சீட்டை வாங்கியதும் அவர் நேரே வீடு செல்லவில்லை. நிழற்படப் பிரதி எடுக்கும் கடைக்குச் சென்று இரண்டு பிரதி எடுத்தார்.

சபைகளின் அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்குரிய மதிப்பீடுகள் ஆண்டின் பிற்பகுதியில் திரட்டப்படும். டிசெம்பர் முடியுமுன் அவை சபையில் நிறைவேறுதல் வேண்டும். மீண்டெழும் செலவின்கீழ் 'பதிவேட்டுக் காப்பு' என ஒரு வரியை எழுதி, அதன் நேரே ஒரு தொகையை இடுவதாயின், உறுப்பினர் எவரேனும் அதனைக் கேட்டெழுவது அதற்கு முன்னரேயாதல் வேண்டும்.